முனியசாமி அண்ணன் போடாத இரண்டாவது எர்த்

ஓய்வு பெற்ற நான்காம் மாதம், என் பழைய மின்வாரியப் பிரிவு அலுவலகத்திலிருந்து இரண்டு வயர்மேன்கள் வீட்டுக்கு வந்தார்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவர்கள். ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்திருந்தார்கள். கருப்பையா சார் என்று ஒரு நல்ல மனுஷர் இருந்தார், போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். காபி குடித்தபடி அலுவலகக் கதைகள் பேசிக்கொண்டிருந்தோம். நடுவில் ஒருவன் கேட்டான்:

"சார், பாதுகாப்பு வகுப்புல ஒரு லைன்மேன் கதை சொன்னாங்க. ரெண்டு பக்கமும் எர்த் போடாம, சோம்பேறித்தனப்பட்டு ஒரு பக்கம் மட்டும் போட்டு ஏறி, ஐஸ் பிளாண்ட் பக்கத்துல செத்துப்போனாராம். அப்ப நீங்கதான் அங்கன ஃபோர்மேனாம்ல. ஆளு எப்படி சார்? குடிப்பாரா?"

"குடிக்க மாட்டாரு" என்றேன். முறுக்குத் தட்டை அவர்கள் பக்கம் நகர்த்தினேன். வயதாகிவிட்டது, பழசெல்லாம் மறந்திருக்கும் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். முறுக்கைத் தின்றுவிட்டு, என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அந்தக் கதையைப் பாதுகாப்பு வகுப்பில் முதன்முதலில் சொன்னவன் நான்தான். சோம்பேறித்தனமும் குடியும் மட்டும் எனக்குப் பின்னால் வந்தவர்கள் சேர்த்தவை. மற்றதெல்லாம் என் கைவேலை. அது பொய் என்று தெரிந்தவர்களில் ஒருவர் மாற்றல் வாங்கிப் போய்விட்டார், மற்றவர்கள் அதை வெளியே சொன்னதில்லை, மிச்சம் நான். இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான். என் சர்வீஸைப் பற்றி மலரும் நினைவுகள் எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எனக்குக் கமுதிப் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமம். அய்யா மிளகாய்க் காட்டில் கூலிக்குப் போனவர். எழுபத்து நாலில் கரண்ட் ஆபீஸில் ஹெல்பராகச் சேர்ந்து, உச்சிப்புளிக்குக் கிழக்கே ஒரு பிரிவு அலுவலகத்துக்கு வந்தேன். கம்பத்துக்குக் குழி தோண்டியது, கம்பி சுமந்தது, ஏணி பிடித்தது, டீ வாங்கியது என்று முதல் நான்கு வருடத்தை ஒரே வரியில் முடித்துவிடலாம்.

எங்கள் கேங்குக்கு லைன்மேன் முனியசாமி அண்ணன். திருப்புல்லாணிக்குத் தெற்கே விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி வீட்டுப் பிள்ளை. என்னைவிட எட்டு வயது மூத்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்திருந்தது. பேச்சு குறைவு, பேசினால் அதில் பாதி ஏச்சு. தப்பாகக் கை வைத்தால் கட்டிங் பிளேயரின் பிடியால் மணிக்கட்டில் ஒரு தட்டு விழும். வலிக்காது, ஆனால் நாலு பேர் பார்ப்பார்கள். அதற்குத்தான் பயம்.

எங்கள் கடற்கரையில் லைன் வேலைக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் உப்பு பறந்துவந்து கம்பத்து இன்சுலேட்டர்களில் படியும். விடியற்காலைப் பனி அதில் இறங்கினால் உப்பு ஈரமாகி, கரண்ட் பீங்கான் மேலேயே ஓடும். சடசடவென்று பொறி பறக்கும், லைன் போகும். அதனால் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவை லைனை நிறுத்தி, கம்பம் கம்பமாக ஏறி, ஈரத் துணியால் பீங்கானைத் துடைத்துக்கொண்டே போக வேண்டும். நான் துடைத்துவிட்டு இறங்கியதும் அண்ணன் ஏறுவார். பீங்கானில் விரலைத் தேய்த்து நாக்கில் வைப்பார். கரித்தால் நான் மறுபடி ஏற வேண்டும்.

லைனை நிறுத்துவதிலும் அவர் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். சப்ஸ்டேஷனில் அனுமதி எழுதி வாங்க வேண்டும். சுவிட்சைத் திறந்து, பூட்டுப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். பிறகு எர்த். ஒரு இரும்பு ராடை மண்ணில் அடித்து, அதிலிருந்து போகும் கம்பியை மேலே மூன்று லைனிலும் மாட்டுவது. தப்பித்தவறி கரண்ட் வந்தாலும் அது மண்ணுக்குள் போய்விடும், ஆள் பிழைப்பான். மாட்டும்போது முதலில் மண், பிறகு கம்பி. கழற்றும்போது முதலில் கம்பி, பிறகு மண். எங்கள் மணலில் ராடு வெண்ணெயாய் இறங்கும், ஆனால் காய்ந்த மணலில் எர்த் பிடிக்காது. அதனால் ராடு அடித்த இடத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்வார். கடல் பக்கத்தில் இருந்தால் கடல் தண்ணீர்தான் வேண்டும் என்பார். எத்தனை குடம் சுமந்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அந்த எர்த்தையும் வேலை செய்யும் கம்பத்துக்கு இரண்டு பக்கமும் போட வேண்டும். சப்ஸ்டேஷன் பக்கம் ஒன்று, அடுத்த பக்கம் ஒன்று. ஏன் என்றால், மேலே ஏறி, இரண்டு பக்கத்துக் கம்பியையும் இணைக்கிற ஜம்பரைக் கழற்றியதும் லைன் இரண்டு துண்டாகிவிடும். ஒரு துண்டில் இருக்கிற எர்த் மறு துண்டைக் காப்பாற்றாது.

ஒவ்வொரு தடவையும் ஏறுவதற்கு முன் என்னிடம் ஒரு கேள்வி கேட்பார்.

"சப்ளை எங்கிட்டுருந்து வருது?"

"சப்ஸ்டேஷன்லருந்துண்ணே."

"வேற எங்கிட்டு?"

ஒரு நாள் எனக்கு அலுத்துப்போய், "வேற எங்கிட்டும் இல்லண்ணே, அங்கிட்டு லைன் முடியுது" என்று சொல்லிவிட்டேன். கம்பத்தில் பாதி ஏறியிருந்தவர் இறங்கினார். இடுப்புக் கயிற்றைக் கழற்றிக் கீழே போட்டார்.

"ஏலே கருப்பா, வா, முடியிற எடத்தப் பாத்துட்டு வருவோம்."

உச்சி வெயிலில், லைன் போன வழியே, மணலில் ஒன்றரை மைல் நடக்க வைத்தார். லைன் முடிந்த இடத்தில் ஒரு டூரிங் டாக்கீஸ் கொட்டகை புதிதாகப் போட்டிருந்தார்கள். பின்னால் ஒரு ஷெட்டில் டீசல் இன்ஜினும் ஜெனரேட்டரும். எதையும் சொல்லாமல் அதைக் காட்டினார். அது ஓடி, அங்கிருப்பவன் மெயின் சுவிட்சைத் திறக்க மறந்தால், கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் திரும்பி நம் கைக்கு வரும் என்பது அங்கே நின்று பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"நம்ம சுவிட்சு நம்ம கையில. அவன் சுவிட்சு எவன் கையிலயோ" என்றார் அண்ணன். திரும்பவும் ஒன்றரை மைல் நடந்து வந்துதான் ஏறினோம்.

பிறகு வந்த பத்துப் பன்னிரண்டு வருடத்தில் பயம் போய், எங்களுக்குள் வேறு ஒன்று வந்துவிட்டது. நான் வயர்மேன் ஆனேன், லைன்மேன் ஆனேன். அவர் மேலே இருந்து கையை நீட்டினால் ஸ்பேனரா பிளேயரா என்று நான் கேட்டதில்லை. எனக்குப் பெண் பார்க்க அவரும் அவர் மனைவி பஞ்சவர்ணம் மதினியும்தான் வந்தார்கள். பெண் வீட்டாரிடம் அண்ணன், "பயலுக்குக் கோபம் வரும், ஆனா வேல சுத்தம்" என்றார். என் வாழ்நாளில் நான் வாங்கிய சர்டிபிகேட்டுகளில் அது ஒன்றுதான் பெறுமானம் உள்ளது.

பதவி உயர்வுத் தேர்வு எழுதச் சொல்லி என்னைப் பிடித்துத் தள்ளியவரும் அவர்தான். "ஒனக்கு இங்கிலீசு வருதுல, எழுதி மேல போலே. ரெண்டு பேரும் போஸ்ட்டு மேலயே கெடந்து என்ன செய்யப்போறோம்?" என்று விண்ணப்பத்தை அவரே வாங்கி வந்து கொடுத்தார். எழுதினேன், தேறினேன். பரமக்குடிப் பக்கமும் சிவகங்கைப் பக்கமும் சில வருடங்கள் இருந்துவிட்டு, தொண்ணூற்று நாலில் ஃபோர்மேனாக அதே பிரிவுக்குத் திரும்பினேன்.

முதல் நாள் காலை உள்ளே நுழைந்தபோது, பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணன் எழுந்து நின்றார்.

"வாங்க சார்."

நான் சிரித்துவிட்டேன். "என்னண்ணே இது?" என்றேன்.

"ஆபீஸ்ல சார்தான சார்" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. சுற்றி நின்றவர்கள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அதைக் கிண்டல் என்றுதான் எடுத்துக்கொண்டேன். தூக்கிவிட்டவனுக்கே மேலதிகாரியாக வந்துவிட்டாயா என்று குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தேன். அன்று மாலையே உதவிப் பொறியாளர் என்னைக் கூப்பிட்டு, "கருப்பையா, கீழ வேலை பாக்குறவங்கள அண்ணேன்னு கூப்பிட்டா நாளைக்கு வேலை வாங்க முடியாது" என்றார். சரிதான் என்று பட்டது. அண்ணன் என்று கூப்பிடுவதை விட்டேன். பேர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. கடைசியில் இரண்டு வருடம் அவரை எந்தப் பேரும் சொல்லாமலே கூப்பிட்டேன். "இங்க பாருங்க", "அந்த வேலை என்னாச்சு", இப்படி. சொந்த வீட்டில் சண்டை போட்டுக்கொண்ட புருஷன் பெண்டாட்டி பேசுவது போல.

அவரும் என்னைத் திருத்துவதை நிறுத்திவிட்டார். ஒரு கம்பம் சாயாமல் இருக்க ஸ்டே கம்பி எங்கே இழுக்க வேண்டும் என்று நான் தப்பாகக் காட்டினேன். காட்டிய இடத்திலேயே இழுத்துக் கட்டினார். ஐப்பசிக் காற்றில் கம்பம் சாய்ந்தது.

"இப்படி ஆகும்னு ஒங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

"நீங்க சொன்னீங்க சார்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டுமென்றே என்னை விழவிட்டு வேடிக்கை பார்க்கிறார் என்று மனதுக்குள் எழுதி வைத்துக்கொண்டேன். அந்தக் கசப்பு எனக்குள் இருந்தது என்பதைச் சொல்லாவிட்டால் அடுத்து நடந்தது விளங்காது.

தொண்ணூற்று ஆறில் ஒரு நாள். எங்களைத் தாண்டிக் கிழக்கே இருக்கும் தீவுக்குப் பெரிய அதிகாரிகள் யாரோ வருகிறார்கள், மூன்று மணிக்கு மேல் எந்த லைனும் நிற்கக் கூடாது என்று உத்தரவு. அன்று பார்த்து ஒரு கம்பத்தில் இன்சுலேட்டர் விரிசல் விட்டுவிட்டது. அதற்கு அப்பால் ஒரு ஐஸ் பிளாண்ட், அதோடு லைன் முடிகிறது. காலை பதினொரு மணிக்கே லைனை நிறுத்தி வேலைக்குப் போயிருந்தார்கள். அண்ணன், வயர்மேன் காதர் பாய், இரண்டு ஒப்பந்தக் கூலியாட்கள். ஒரு மணிக்கு உதவிப் பொறியாளர் என்னைப் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். நான் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

போய்ப் பார்த்தால் அண்ணன் கீழே நிற்கிறார். சப்ஸ்டேஷன் பக்கம் எர்த் போட்டு முடித்தாகிவிட்டது. காதர் பாய் இரண்டாவது ராடைத் தோளில் வைத்துக்கொண்டு ஐஸ் பிளாண்ட் பக்கத்துக் கம்பத்துக்கு நடந்துகொண்டிருக்கிறார். பின்னால் ஒரு கூலியாள் தண்ணீர்க் குடத்தோடு. முதலில் வேறொரு பகுதியில் மாட்டிக்கொண்டு நேரமாகிவிட்டதாம். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை.

"என்ன, இன்னும் ஏறலையா?"

"அங்கிட்டு ஒரு எர்த்தப் போட்டுட்டு ஏறிருவோம் சார்."

"அங்கிட்டு என்ன இருக்கு? லைன் அதோட முடியுது. சப்ளை எங்கருந்து வரும்?"

"வேற எங்கிட்டாச்சும்..." என்று ஆரம்பித்தார்.

"வேற எங்கிட்டும் இல்ல!" என்று கத்தினேன். "மூணு மணிக்குள்ள லைன் போகணும். எனக்குப் பாடம் எடுக்காதீங்க. ஏறுங்க மொதல்ல."

என்னைப் பார்த்தார். பழைய அண்ணனாக இருந்தால் பிளேயர் என் மணிக்கட்டுக்கு வந்திருக்கும். இல்லையென்றால், போலே நீயும் ஒன் லைனும் என்று இடுப்புக் கயிற்றைக் கழற்றி வீசியிருப்பார். அன்றைக்கு அவர் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"சரி சார்" என்றார். அந்தப் பக்கம் திரும்பி, "காதரு, வந்துரு, வேணாமாம்" என்று குரல் கொடுத்தார். ஏறினார்.

நான் உடைமர நிழலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஜம்பரைக் கழற்றியதைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் ஐஸ் பிளாண்ட் பக்கமிருந்து இன்ஜின் சத்தம் கேட்டது. தட், தட், தட் என்று இழுத்து, பிறகு சீராக ஓடத் தொடங்கியது. அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அது என் மண்டையில் இறங்க இரண்டு மூன்று விநாடி ஆனது.

"அண்ணே!" என்று கத்தினேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அப்படிக் கூப்பிட்டேன். அவர் குனிந்து என்னைப் பார்த்தார். கை கம்பியில் இருந்தது.

அதற்கு மேல் விவரிக்க மாட்டேன். கயிற்றில் தொங்கியவரை இறக்க இருபது நிமிடம் ஆனது. காதர் பாய் அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே வந்தார். ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், கூலியாள் ஒருவன் ஓட்டிய ஜீப்பில், அண்ணன் என் மடியில் தலை வைத்தபடி இருந்தார். எப்போது உயிர் போனது என்று என்னால் சொல்ல முடியவில்லை. கம்பத்திலேயே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

ஐஸ் உருகுகிறது, இறால் கெட்டுப்போகும் என்று ஐஸ் பிளாண்டில் ஜெனரேட்டரைப் போட்டிருக்கிறார்கள். லைனிலிருந்து பிரிக்க வேண்டிய சுவிட்ச் அங்கே பல மாதமாகக் கெட்டுக் கிடந்ததாம். நேராகக் கம்பியைக் கொடுத்து ஓட்டியிருக்கிறார்கள். அவர்கள் மேல் வழக்கு நடந்தது. அது என்ன ஆனது என்று நான் விசாரிக்கவில்லை. அவர்களை நான் திட்டுவதில்லை. அவர்களுக்கு யாரும் ஒன்றரை மைல் நடக்க வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அன்று மாலை ஆஸ்பத்திரி வாசலிலேயே உதவிப் பொறியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் போனார். 

"கருப்பையா, நீ எப்ப அங்க போன? அவர் ஏறுறதுக்கு முன்னாடியா, ஏறின பிறகா?"

கேட்ட விதத்திலேயே பதில் இருந்தது. முன்னாடி என்றால் நான் தொலைந்தேன், அவருக்கும் ஆபத்து. பிறகு என்றால் இறந்தவர் தவறு.

"ஏறின பிறகு சார்" என்றேன்.

அவ்வளவுதான். அதைத்தான் வாக்குமூலத்திலும் எழுதினேன். 'நான் போகும்போது பணி தொடங்கியிருந்தது. இரண்டாவது எர்த் ராடு உபயோகிக்கப்படாமல் கிடந்தது.' இரண்டாவது வாக்கியம் உண்மை. அதனால்தான் முதல் வாக்கியத்தை எல்லாரும் நம்பினார்கள். கூலியாட்கள் இரண்டு பேரும் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களுக்கு நாளைக்கு வேலை கொடுப்பவன் நான். காதர் பாய் மட்டும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

"சார், எனக்கு மூணு பொம்பளப் புள்ளைக. நீங்க சொல்றத எழுதுறேன். ஆனா அல்லாகிட்ட நான் வேற சொல்லணும்ல?"

எழுதிக் கொடுத்தார். மூன்றே மாதத்தில் தொண்டிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு கல்யாணம் காட்சிகளில் எதிரே பார்த்தாலும் சலாம்கூடச் சொல்லாமல் போவார்.

'இறந்தவர் பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடிக்காததே விபத்துக்குக் காரணம்' என்று கோப்பு முடிந்தது. இரண்டு பக்கமும் எர்த் போடாமல் ஒருநாளும் ஏறாத மனிதர் மேல் அந்த ஒரு வரியை ஏற்றினார்கள். ஏற்றியவன் நான்.

அடுத்த வருடம் பாதுகாப்பு வகுப்பு நடத்தியபோது, நேரில் இருந்தவர் என்ற முறையில் என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன். நன்றாகவே பேசினேன். சரியான இடத்தில் எனக்குத் தொண்டையும் அடைத்தது. குரு மேல் என்ன பாசம் பாருங்கள் என்று கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டு நான் உட்கார்ந்தேன். என் சர்வீஸில் நான் செய்த கேவலமான காரியம் எது என்று கேட்டால், ஆஸ்பத்திரி வாசலில் சொன்ன பொய்யை நான் சொல்ல மாட்டேன். அது பயத்தில் வந்தது. வகுப்பில் பேசியது அப்படி இல்லை. அதை யாரும் என்னை மிரட்டிச் செய்யச் சொல்லவில்லை.

எனக்குக் கீழே வந்தவர்களிடம் நான் கோபப்பட்டதே இல்லை. குரலை உயர்த்த மாட்டேன், அவசரப்படுத்த மாட்டேன். இரண்டாவது எர்த் போட்டதைக் கண்ணால் பார்க்காமல் ஒருவனையும் ஏறவிட மாட்டேன். தங்கமான மனுஷன் என்றார்கள். ஆனால் என்னை ஒருவனும் அண்ணே என்று கூப்பிட்டதில்லை. நானும் ஒருவனையும் ஏலே என்றதில்லை. வேலை சொல்லிக்கொடுத்தேன், அவர்கள் கற்றுக்கொண்டார்கள், மாற்றலாகிப் போனார்கள். யாரையும் கிட்டத்தில் சேர்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அண்ணனுடைய மகன் செந்திலுக்குப் பதினெட்டு முடிந்ததும், வாரிசு வேலைக்கான தாள்களை நானே ஓடியாடித் தயார் செய்தேன். கையெழுத்துப் போடக் கூப்பிட்டால், பையன் "எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டுத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். அப்பன் செத்த வேலையைப் பார்த்துப் பயந்துவிட்டான் என்று நினைத்தேன். உள்ளூர ஒரு நிம்மதியும் இருந்தது. தினமும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டாம் அல்லவா.

இத்தனையும் அந்த வயர்மேன் பையன் "குடிப்பாரா?" என்று கேட்ட அன்று முழுக்க என் தலைக்குள் ஓடியது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறித் திருப்புல்லாணியில் இறங்கி, அண்ணன் ஊருக்கு ஆட்டோவில் போனேன்.

மதினி வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து, வியாபாரிக்காக மிளகாய் வத்தல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. "வா கருப்பா, உக்காரு" என்றார். தண்ணீர் கொடுத்தார். குடித்தால் அப்புறம் சொல்ல முடியாமல் போய்விடும் என்று குடிக்காமலே சொன்னேன்.

"மதினி, அன்னைக்கு அண்ணன் ஏறுறதுக்கு முந்தியே நான் அங்கன இருந்தேன். அவரு ரெண்டாவது எர்த் போடத்தான் போனாரு. வேணாம், ஏறுங்கன்னு சொன்னது நான்தான்."

அவர் கை நிற்கவில்லை. ஒரு வத்தல், ஒரு காம்பு.

"தெரியும்" என்றார்.

தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தேன்.

"காதர் பாய் தொண்டிக்குப் போறதுக்கு முந்தி வந்து எல்லாத்தையும் சொல்லி அழுதுட்டுத்தான் போனாரு. நீயா வந்து சொல்லுவன்னு இருந்தேன். பதிமூணு வருசமாச்சு."

அடுத்த பிடி வத்தலை மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டார். அவரே மறுபடி பேசினார்.

"ஒங்கண்ணன் ஒன்னய ஏன் சார்னு கூப்பிட்டாரு தெரியுமா?"

"எம்மேல வருத்தம்னு நெனச்சேன் மதினி."

"வருத்தமா? நானும் கேட்டேன், ஒங்க கைல வேல படிச்ச பயல எதுக்குச் சாருன்றீகன்னு. நான் மொதல்ல மரியாத குடுத்தாத்தான் மத்தவன் குடுப்பான், இல்லாட்டி அவன ஏச்சுப்புடுவானுகன்னாரு. நாலு பேரு முன்னாடி அவன எதுத்து ஒரு வார்த்த பேச மாட்டேன்னாரு. பேசியிருந்தா இன்னைக்கு இருந்திருப்பாரு."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். மதினி என்னைத் தேற்றவில்லை. தேற்றியிருந்தால் அது நியாயமும் இல்லை. நான் அழுது முடிக்கிற வரைக்கும் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்.

"என்னய மன்னிச்சுருங்க மதினி."

"என்ட்ட கேட்டு என்ன செய்ய? செந்திலு யாரு கேட்டாலும் எங்கப்பா நெஞ்சுவலில போனாருன்னுதான் சொல்றான். கட்டுனவளுக்கே அதத்தான் சொல்லி வச்சிருக்கான். வேல தெரியாம செத்தாருன்னு சொல்ல அவனுக்குக் கூச்சம். காதர் பாய் சொன்னத நான் சொன்னேன், நம்பல. ஆத்தா நீ அப்படித்தான் சொல்லுவ, கருப்பையா மாமா பொய் சொல்லுவாரான்னுட்டான்."

மடியிலிருந்து செல்போனை எடுத்தார். மிளகாய் பட்ட விரலைச் சேலையில் துடைத்துவிட்டு, ஒரு பட்டனை அழுத்திக் காதில் வைத்தார். "செந்திலு, கருப்பையா மாமா வந்திருக்காக. ஒன்ட்ட பேசணுமாம்" என்று சொல்லி என் கையில் கொடுத்துவிட்டார். யோசிக்க எனக்கு நேரமே கொடுக்கவில்லை.

சொன்னேன். மதினியிடம் சொன்னதைவிடக் கூடுதலாகச் சொன்னேன். அவர் சட்டையில் கையைத் துடைத்தது, காதர் பாயைத் திரும்பக் கூப்பிட்டது, நான் எழுதிக் கொடுத்தது, வகுப்பில் பேசியது எல்லாம்.  லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை "செந்தில், செந்தில்" என்றேன். பின்னால் ஒரு குழந்தையின் குரலும் டிவி சத்தமும் கேட்டன.

"அப்ப எங்கப்பாவுக்கு வேல தெரியும்?" என்றான். முப்பது வயது ஆள், பள்ளிக்கூடத்துப் பையன் கேட்கிற மாதிரி கேட்டான்.

"தெரியும்பா. அவருக்குத் தெரிஞ்ச வேல எங்க யாருக்கும் தெரியாது."

திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. 

"மாமா, எம்பொண்டாட்டி இங்கனதான் இருக்கா. அவட்ட குடுக்கேன். இத அவட்டயும் சொல்லுங்க."

போன் கைமாறுகிற சத்தம் கேட்டது. "யாருங்க?" என்றது ஒரு பெண் குரல். நான் என் பேரைச் சொல்லி, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.